பத்தரை மணி மிக்சர் டப்பா

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 38 வயது. டெல்டா பக்கம் ஒரு சிற்றூர். கணவர் பத்து வருடமாக மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகன் பத்தாவது, மகள் ஆறாவது. மாமனார் மூன்று வருடமாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். மாமியாருக்கு முழங்கால் வலி.

கல்யாணத்தின்போது 54 கிலோ இருந்தேன். இப்போது 83. உயரம் 156 செ.மீ. 2019 ஜனவரியில் பேலியோ டயட் ஆரம்பித்து 76இலிருந்து 67க்கு வந்தேன். அந்த வருடக் கடைசியில் 79 ஆகிவிட்டது. 2022 மார்ச்சில் கோஸ் சூப் குடித்து, நடந்து, 74க்கு வந்தேன். தீபாவளிக்குள் 81. போன வருடம் ஏப்ரலில் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்துப் பவுடர் வாங்கிக் குடித்ததில் 75. இப்போது திரும்பவும் 83.

இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, பத்தரை மணிவாக்கில் மிக்சர் டப்பாவைத் திறப்பேன். மூடி சத்தம் கேட்கக்கூடாது என்று துப்பட்டாவைச் சுற்றித் திறப்பேன். விளக்குகூடப் போடுவதில்லை. நின்றுகொண்டே தின்பேன். வயிறு வலிக்கும்வரை நிறுத்த முடியாது. வாரத்தில் நாலைந்து நாள் இப்படி. மறுநாள் கடையில் கால் கிலோ வாங்கி வந்து பழைய அளவுக்கு நிரப்பிவிடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை அக்கா. தைராய்டு நார்மல். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1. "வாயைக் கட்டுங்கம்மா" என்கிறார் டாக்டர். எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாது. என்ன செய்வது?

(நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: டாக்டர் என்று தொடங்கி, டப்பாவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் உங்களை அறியாமல் அக்கா என்று மாறிவிட்டீர்கள். அக்காவாகவே இருக்கட்டும். நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர். "வாயைக் கட்ட மாட்டேன் என்கிறார்" என்று சர்க்கரை நோய்ப் பிரிவிலிருந்து அனுப்பி வைக்கப்படுகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடமாக என் வேலை.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2019இல் 9 கிலோ, 2022இல் 5, போன வருடம் 6. ஆக மொத்தம் 20 கிலோ குறைத்திருக்கிறீர்கள். படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் எல்லாருக்கும் சோறு வடித்துப் போட்டுவிட்டு, தான் மட்டும் கோஸ் சூப் குடித்துக் குறைத்த 20 கிலோ. இவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே காலத்தில் 27 கிலோ திரும்ப ஏறியது என்பதும் உண்மைதான். அதில் பாதி உங்கள் உடம்பு செய்த வேலை. மீதி, அந்த டப்பா உங்களுக்காகச் செய்துகொண்டிருக்கும் வேலை.

உடம்பின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1944-45இல், இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். உடலிலும் மனத்திலும் திடமானவர்கள்தானா என்று பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதத்துக்கு அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. நம் ஊரில் கையில் கொடுக்கும் டயட் சீட்டுகள் பலவற்றில் 1,200 என்றுதான் எழுதியிருக்கும்!

அந்த இளைஞர்களுக்கு என்ன ஆயிற்று? எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள். சிடுசிடுப்பும் சோர்வும் வந்தன, நண்பர்களோடு பேசப் பிடிக்கவில்லை. சிலர் விதியை மீறித் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் தவித்தார்கள். கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றவர்கள் உண்டு. இழந்த கொழுப்பு திரும்பியதோடு நிற்காமல், முன்பு இருந்ததைவிட அதிகமாகவே ஏறியது. இவர்களில் யாரும் டயட்டுக்கு முன்னால் சாப்பாட்டுப் பைத்தியமாக இருந்தவர்கள் இல்லை. பட்டினிதான் அவர்களை அப்படி ஆக்கியது.

உடம்புக்கு டயட்டுக்கும் பஞ்சத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எடை இறங்கினால், போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. பசியைக் கிளப்பும் கிரெலின் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் பத்து வாரக் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்தப் பசிச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2019 டிசம்பரில் உங்களுக்கு எடுத்த அந்த அகோரப் பசி பொய்ப் பசி இல்லை என்று இப்போதாவது நம்புங்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். டயட்டில் இருக்கும்போது ஒரு தட்டையைக் கடித்துவிட்டால் மனசு என்ன சொல்லும்? "போச்சு. இன்னைக்குப் போச்சு. திங்கள்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்." உடனே டப்பா காலி. 1975இல் ஹெர்மன், மாக் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். மில்க் ஷேக் குடிக்கவைத்துவிட்டு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக்குக்குப் பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் அதற்குப் பிறகு கூடுதலாகத் தின்றார்கள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் இதைப் "போச்சு வியாதி" என்றே சொல்வது. கட்டு எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு வேகமாக அறுந்துகொள்ளும்.

சரி, டப்பாவுக்கு வருவோம்.

உங்கள் நாளை நீங்களே மணி வாரியாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மணிக்கு எழுந்து காபி. மாமனாருக்குத் துணி மாற்றி, பிள்ளைகளைக் கிளப்பி, நீங்கள் முதல் வாய் டிபன் சாப்பிடும்போது பதினொன்றரை. அதுவும் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன ஆறின இட்லி. மதியம் சாம்பார் சாதம். அதற்குப் பிறகு இரவு ஒன்பதுக்கு இரண்டு சப்பாத்தி. ஒன்பதரைக்கு மஸ்கட்டிலிருந்து போன் வரும், ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் பேசுவீர்கள். கடைசியில் உங்கள் கைக்கு வரும்போது, "சரி, வேறென்ன?" என்பார், "ஒண்ணுமில்ல" என்பீர்கள். பத்தரைக்கு வீடு அடங்கும்.

உங்கள் மாமியார் சொன்னதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "மஸ்கட் காசெல்லாம் உடம்புல தெரியுது." அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சிரிச்சுட்டு உள்ள போயிட்டேன்." நாத்தனார் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் பஸ் பிடித்துப் போனதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு பக்கத்தில், நீங்கள் யாரிடமாவது ஏதாவது பதில் பேசியதாக ஒரு இடம்கூட இல்லை. டாக்டர் உங்களை வாயைக் கட்டச் சொல்கிறார். எனக்கென்னவோ, பத்து வருடமாக நீங்கள் வாயைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை என்று தோன்றுகிறது. கட்டு அவிழ்கிற ஒரே நேரம் பத்தரை மணி. அப்போதும் சத்தம் வரக்கூடாது, அதனால்தான் துப்பட்டா.

கோபத்தை விழுங்குகிறவர்கள் மிக்சர், முறுக்கு, தட்டை என்று கடித்து நொறுக்கும் பண்டமாகத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சி ஒன்றும் இல்லை இதற்கு, எதிரில் உட்கார்ந்து கேட்டதில் தெரிந்தது. ஆனால், மனம் கலங்கும்போது தின்றால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும் என்பது பொய் இல்லை. அழுகிற குழந்தையின் வாயில் எதையாவது வைத்துத்தானே சமாதானம் செய்கிறோம்? பசிக்கு அழுததா, பயந்து அழுததா என்று பார்ப்பதில்லை. அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் எல்லாத் தவிப்பையும் பசி என்றே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு அந்தப் பத்து நிமிடம் ஓய்வு, துணை, ஆறுதல் மூன்றையும் தருகிறது. ஒவ்வொரு டயட்டும் செய்தது என்னவென்றால், அந்தப் பத்து நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு வெள்ளரிக்காயைக் கொடுத்தது.

நீங்கள் கவனித்தீர்களா, தெரியவில்லை. முதல் பக்கத்தில் டயட் ஆரம்பித்த மாதங்கள் இருக்கின்றன: 2019 ஜனவரி, 2022 மார்ச், போன வருடம் ஏப்ரல். கடைசிப் பக்கத்தில், பாஸ்போர்ட் விஷயமாக ஏதோ சொல்லும்போது, கணவர் விடுப்பில் வந்த தேதிகளை எழுதியிருக்கிறீர்கள்: 2019 ஏப்ரல், 2022 ஜூன், போன வருடம் ஜூலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று தடவையும் அவர் வருவதற்கு மூன்று மாதம் முன்னால் டயட் ஆரம்பித்திருக்கிறது. அவரும் ஏர்போர்ட்டில் பார்த்து, "இளைச்சுட்டியே" என்றிருக்கிறார். ஐம்பது நாளில் கிளம்பிவிட்டார். அவர் கிளம்பிய வாரத்திலிருந்து எடை ஏற ஆரம்பித்திருக்கிறது. கெடு வைத்துக் குறைத்த எடைக்குக் கெடு முடிந்ததும் ஒரு வேலையும் இல்லை. அந்த வாரத்தில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று மூன்று தடவையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாரத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூட எழுதவில்லை.

இன்னொரு வரியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறேன். 67க்கு வந்தபோது ஓரகத்தி, "புருஷன் ஊர்ல இல்லாதப்ப இவ யாருக்காக இளைக்கிறா?" என்று கேட்டாராம். அதற்குக் கீழே, "குண்டா இருந்தா ஒரு நிம்மதி, யாரும் எதுவும் பேச மாட்டாங்க" என்று எழுதி, அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1980களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமன் குறைக்கும் சிகிச்சை நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனது அவருக்குப் புதிராக இருந்தது. அவர்களை உட்காரவைத்துக் கேட்டபோது, பலர் சிறு வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கப் பருமன் அவர்களுக்கு ஒரு கவசம். எடை குறையக் குறையப் பயம் கூடியது, அதனால் ஓடிவிட்டார்கள். இதிலிருந்து கிளைத்த பெரிய ஆய்வு, 17,000 பேருக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு, 1998 முதல் வெளிவந்தது. உங்களுக்கு அப்படி நடந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து உடம்பைக் கேடயமாகப் பிடிப்பதும் அதே ரகம்தான் என்கிறேன். வேறு ஏதாவது இருந்தால் கடிதத்தில் எழுத வேண்டாம், நம்பிக்கையான ஆலோசகர் ஒருவரிடம் நேரில் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். டயட் சீட்டு எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். நான் சொல்லப் போவது இப்போது இருப்பதைவிட அதிகத் தடவை சாப்பிடச் சொல்லி.

ஆறரை, ஏழு மணிக்குள் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், இரண்டு இட்லியானாலும் சரி. மாமனாரைக் குளிப்பாட்டுவது அதற்கு அப்புறம். அங்கிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுண்டலோ, வேர்க்கடலையோ, முட்டையோ. இரவு வயிறு நிறையச் சாப்பிடுங்கள், சோறு வேண்டுமானால் சோறு. இரவில் அடங்காமல் தின்கிறவர்களுக்குச் சிகிச்சையில் நாங்கள் முதலில் சரி செய்வது இதைத்தான், எடையை இல்லை. பகல் முழுக்கப் பட்டினி போட்டால் இரவில் உடம்பு வசூல் பண்ணிக்கொள்ளத்தான் செய்யும்.

மிக்சரை நிறுத்த வேண்டாம். ஆனால் விளக்கைப் போடுங்கள். ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். துப்பட்டா வேண்டாம், மூடி சத்தம் போடட்டும். மாமியார் எழுந்து வந்து பார்த்தால், "பசிக்குது அத்தை, நீங்களும் ரெண்டு எடுத்துக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். சொல்வதற்கு முதல் நாள் கை நடுங்கும். இதை முயன்ற பலர் நான்காம் நாள், ஐந்தாம் நாளே பாதித் தட்டோடு எழுந்திருக்கிறார்கள். இருட்டில் நின்று தின்னும்போது மட்டும்தான் அதற்கு முடிவே இருக்காது.

உட்காருவதற்கு முன் மகளின் பழைய நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். மணி என்ன, பசி இருக்கிறதா, இன்றைக்கு என்ன சொல்லாமல் விட்டேன். எழுதிவிட்டுத் தின்னலாம், தடையில்லை. கலோரி எழுத வேண்டாம்.

போன் விஷயம். நமக்குப் பத்தரை என்றால் மஸ்கட்டில் ஒன்பது மணி. ஒன்பதரைக்கு எல்லாரும் பேசும் போன் அப்படியே இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் பத்தரைக்கு உங்களுக்கு மட்டும் தனியாகப் பேசச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கும் அங்கே அறையில் நாலு பேரோடு படுத்துக்கொண்டு சொல்ல முடியாதது ஏதாவது இருக்கும். எடுத்த எடுப்பில் மிக்சர் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. நாத்தனார் அரை மணியில் கிளம்பிப் போன கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அந்த நாத்தனாரிடமும் பேச வேண்டியிருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம்வரை, அப்பாவை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அவரும் பெற்ற பெண்தானே. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனிப்பதும் உண்டு. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாமனார் பெயரைப் பதிந்துவிடுங்கள். எடை குறைப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தூக்கம் குறைந்தாலே பசிச் சுரப்பு கூடுகிறது, நீங்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்குவதாகத் தெரியவில்லை.

எடையை வாரம் ஒரு தடவை மட்டும் பாருங்கள். முதல் இரண்டு மாதம் இறங்காமல் இருக்கலாம், அதற்காகக் கோஸ் சூப்புக்கு ஓடாதீர்கள். 6.1 என்பது சர்க்கரை நோயின் வாசலில் நிற்பது. அலட்சியம் வேண்டாம், பயமும் வேண்டாம். சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர் ஏ. ராமச்சந்திரனின் குழு, வாசலில் நிற்கும் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஆகவே நடையை எடை மெஷினோடு முடிச்சுப் போட வேண்டாம்.

நேரில் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதத்துக்கு மேலாக, நிறுத்த முடியாமல் ஒளித்துத் தின்பது ஒரு நோயாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. கெட்ட பழக்கம் என்று திட்டிக்கொள்ள வேண்டியதில்லை, பேச்சு சிகிச்சையில் நன்றாகவே குணமாகிறது. உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, பொருந்திவருவதாகத் தெரிகிறது. அதோடு, "சில நாள் காலையில எழுந்திருக்கவே பிடிக்கல" என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வில் பசி செத்துப்போவதுதான் எல்லாருக்கும் தெரியும், பசி கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அதுவரை 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தின்றதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ, இருந்து என்ன பயன் என்று தோன்றினாலோ அன்றைக்கே கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தலைவலிக்கு ஒரு வருடமாக இரவில் ஒரு மாத்திரை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள், பெயர் இல்லை. ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின், வால்ப்ரோயேட் மூன்றுமே பசியையும் எடையையும் ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம், "இதனால் எடை ஏறுமா, மாற்று உண்டா?" என்று கேளுங்கள். எனக்கு அடுத்து எழுதும்போது அட்டையின் பின்பக்கத்தில் உள்ள பெயரை அப்படியே பார்த்து எழுதுங்கள். எடை எழுத வேண்டாம்.